ஆமை புகுந்த கொப்பி

வைத்தியருக்கு ஒரு நாடி, தையல்காரருக்கு ஓர் அளவு நாடா, சரித்திரம் படிப்பிக்கிறவருக்கு ஒரே ஒரு கேள்வி: "இது உனக்கு எப்படித் தெரியும்?" மற்ற ஆசிரியர்களிடம் பிள்ளைகள் விடையைச் சொன்னால் போதும். எங்களிடம் விடையையும் சொல்லி, அது எங்கிருந்து வந்தது என்றும் சொல்லவேண்டும். அதனாலேயே எங்களைப் பிள்ளைகளுக்குப் பிடிப்பதில்லை. கரும்பலகையின் நடுவே கோடு கிழித்து, இந்தப் பக்கம் முதலாம்தர மூலாதாரம், அந்தப் பக்கம் இரண்டாம்தர மூலாதாரம் என்று பிரித்துக் காட்டி, வெண்கட்டித் தூளை விழுங்கி, கடைசியில் விடைத்தாளில் இரண்டும் இடம் மாறிக் கிடப்பதைக் கண்டு பெருமூச்சு விட்ட என் சக துன்பாளிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் யாழ்ப்பாணத்துக்காரி. மாத்தளைக்கு இடமாற்றம் கிடைத்தபோது ஒரு வருஷத்தில் ஊருக்குத் திரும்பிவிடலாம் என்று பெட்டியைக்கூட முழுதாகக் காலி செய்யவில்லை. பெட்டி துருப்பிடித்ததுதான் மிச்சம். எழுபதுகளில் பாடத்திட்டம் மாறியது. உயர்தர வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் தங்கள் ஊரைப்பற்றித் தாங்களே ஆராய்ந்து ஒரு செயற்றிட்டம் எழுதவேண்டும் என்றார்கள். எங்கள் பள்ளிக்கூடத்தில் தமிழில் உயர்தரக் கலை வகுப்பு அப்போதுதான் தொடங்கியிருந்தது. ஆறே ஆறு பிள்ளைகள். கல்விக் கந்தோர் அதிகாரிகள் கொடுத்த அனுமதியிலே ஒரு வாலும் தொங்கியது. வெளியிலிருந்து ஒரு பரீட்சகர் வந்து செயற்றிட்டங்களைப் பார்ப்பார், ஆறும் தேறினால் வகுப்பு இருக்கும், இல்லாவிட்டால் மூடப்படும்.

மூடினால் பையன்கள் கண்டிக்கு பஸ் ஏறுவார்கள். நஸீமா ஏறமாட்டாள். பலாபத்வலையில் மிளகு வியாபாரம் செய்த அவளுடைய வாப்பா, மகளைச் சேர்க்க வந்த அன்றே என்னிடம் அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். வகுப்பிலே கெட்டிக்காரி அவள்தான். அவளுடைய படிப்பு மற்ற ஐந்து பேரின் செயற்றிட்டக் கொப்பிகளிலும் தொங்கிக்கொண்டிருந்தது என்பதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்காது. அந்த ஐந்து பேரில் இருவரைப்பற்றி மட்டும் சொல்கிறேன். மற்ற மூவரும் ஒழுங்கான பிள்ளைகள். ஒழுங்கான பிள்ளைகளைப்பற்றி எழுத என்ன இருக்கிறது?

ஆர் கண்டது?

செல்வராஜ் யட்டவத்தப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பையன். அவன் எடுத்த விஷயம் தோட்டத்துக்கும் பக்கத்துச் சிங்களக் கிராமத்துக்கும் நடுவில் ஓடையின்மேல் நிற்கும் கல்பாலம். முதல் பக்கத்தை வகுப்பில் எழுந்து நின்று வாசித்தான். "இந்தப் பாலத்தை வெள்ளைக்காரத் துரை கட்டினார். அன்று மழை கொட்டியது. துரை தொப்பியைக் கழற்றிக் கல்மேல் வைத்துவிட்டு, வானத்தைப் பார்த்து அழுதார்." கழற்றி வைத்த தொப்பி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆனால் என் தொழில் என்னை விடவில்லை. என் ஊர்த் தமிழிலேயே கேட்டேன்: "ஆர் கண்டது?"

நான் கேட்டது நிஜமான கேள்வி. பக்கத்தில் நின்று பார்த்த ஆள் யார், பெயர் என்ன, இப்போது எங்கே இருக்கிறார் என்று தெரியவேண்டும். ஆனால் நம்முடைய பாஷையில் அந்த இரண்டு சொல்லையும் யாராவது நிஜமாகக் கேட்டது உண்டா? 'நாளைக்கு மழை வருமோ, யார் கண்டது' என்று கையை விரிப்பதற்குத்தானே அதை வைத்திருக்கிறோம்! வகுப்பு முழுவதும் என்னோடு சேர்ந்து தலையை ஆட்டி, உலகத்தின் நிலையாமையை நினைத்துப் பெருமூச்சு விட்டது. அந்தக் கிழமையே எனக்கு 'ஆர்கண்டது டீச்சர்' என்று பட்டப்பெயரும் விழுந்துவிட்டது. செல்வராஜோ நான் அவன் கட்சிக்கு வந்துவிட்டேன் என்ற சந்தோஷத்தோடு கொப்பியை மூடிக்கொண்டு உட்கார்ந்தான்: "அதானே டீச்சர், யாரு கண்டா!"

முதலாம் தரம்

ஒருநாள் காலை நஸீமாவின் வாப்பா ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றார். வெள்ளைச் சாரம், வெள்ளைச் சட்டை, தொப்பி, கையிலே ஒரு கடதாசிப் பை. முகம் சரியில்லை. "டீச்சர், கோவிச்சிக்காதீங்க. நஸீமா எழுதியதுல பாதி ரெண்டாந்தரமாம், அவளே சொல்றா. எங்க கடைல நான் ரெண்டாந்தர மொளகை உள்ளுக்கே எடுக்கமாட்டேன். மத்தப் புள்ளைகளுக்கு மொதலாந்தரம் குடுத்திட்டு என்ட புள்ளைக்கி மட்டும் இதக் குடுத்தா எப்புடி?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. இந்தச் சொற்களை ஆக்கியவர்களை மனதுக்குள் நன்றாகத் திட்டினேன். மாத்தளையைப்போல மிளகும் கராம்பும் கொக்கோவும் தரம் பிரித்து விற்கிற ஊரில், இரண்டாம் தரம் என்றால் மட்டம் என்றுதானே எவரும் எடுப்பார்கள்? அவரை இருத்தி விளக்கினேன். "முதலாளி, இது நல்லது கெட்டது பார்க்கிற தரமில்லை. தான் கண்டதை ஒருவர் சொன்னால் அது முதலாம் தரம். அவர் சொன்னதைக் கேட்டு மற்றவர் சொன்னால் இரண்டாம் தரம். எது எது எண்டு பிள்ளைக்குத் தெரிஞ்சிருக்கவேணும், அவ்வளவுதான்." அவர் முழுக்கக் கேட்டார், முழுக்கத் தலையாட்டினார், ஒரு சொல்லையும் நம்பவில்லை. எழுந்து போகும்போது கடதாசிப் பையை என் மேசைமேல் வைத்தார். உள்ளே குண்டு குண்டாகக் கறுத்த மிளகு. "இது மொதலாந்தரம் டீச்சர். புள்ளைக்கும் இதேமாதிரிப் பாத்துக் குடுங்க."

ஓர் அரவு

கணேசன் நாவுலப் பையன். அந்த ஊர்ப் பேக்கரி எப்படி வந்தது என்பது அவனுடைய ஆராய்ச்சி. பாணுக்காக விடியவே வரிசையில் நின்ற காலம் அது, ஆகையால் விஷயத்தைப்பற்றி எனக்கு ஓர் ஆட்சேபமும் இருக்கவில்லை. மூலாதாரப் பட்டியலில்தான் கை நின்றது. 'இரண்டாம்தார மூலாதாரம்: பேக்கரி முதலாளியின் மனைவி' என்று எழுதியிருந்தான். இந்தப் பிழையை எத்தனை கொப்பியில் திருத்தியிருப்பேன்! தகரத்துக்குப் பக்கத்தில் நின்ற அரவை, அந்தத் துணைக்காலை, வட்டம் போட்டு வெட்டி, "எழுத்துப் பிழை" என்று ஓரத்தில் எழுதினேன். அடுத்தநாள் அரவு திரும்பவும் அங்கேயே நின்றது.

கூப்பிட்டுக் கேட்டேன். "பிழை இல்ல டீச்சர், அவங்க முதலாளிக்கு ரெண்டாந்தாரந்தான். மொதச் சம்சாரம் காலமாயிட்டாங்க. அவங்களே சொன்னாங்க" என்றான் கூசிக்கொண்டு. சரி, அந்த அம்மா கல்யாணம் முடித்து வந்தது பேக்கரி திறப்பதற்கு முன்பா, பின்பா என்று கேட்டேன். "பின்னாடிதான் டீச்சர். போறணை அடுப்பு வச்சது, மொதப் பாண் கருகுனது எல்லாம் முதலாளி அவங்களுக்குச் சொன்னதாம்." அப்படியானால் திறந்த கதைக்கு அந்த அம்மா உண்மையாகவே இரண்டாம்தர மூலாதாரம்தான். நான் ஓரத்தில் எழுதிய 'எழுத்துப் பிழை'யை நானே வெட்டினேன். கணேசன் என் முகத்தைப் பார்த்து மெதுவாகக் கேட்டான்: "அப்ப அரவு போட்டாலும் சரி, போடாட்டியும் சரிதானே டீச்சர்?"

பண்டிதரின் சிவப்பு மை

எனக்கு ஒரு யோசனை தோன்றியது இதற்குப் பிறகுதான். பிள்ளைகளுக்கு இந்த வித்தியாசம் தெரியாது என்று நான் நினைத்ததே பிழை. பேசும்போது ஒருவரும் தவறு விடுவதில்லை. கண்டால் 'வந்தாரு' என்கிறார்கள், கேள்விப்பட்டால் 'வந்தாராம்' என்கிறார்கள். மூன்று வயதுப் பிள்ளைகூட இதில் பிசகாது. எழுத உட்கார்ந்ததும், நல்ல தமிழ் எழுதுகிறோம் என்று நினைத்து அந்த 'ஆம்' என்ற வாலை நறுக்கி எறிந்துவிடுகிறார்கள். உடனே கேட்டவன் எல்லாம் கண்டவன் ஆகிவிடுகிறான். ஆகவே வகுப்பில் சட்டம் போட்டேன்: கேட்டதெல்லாம் 'ஆம்' போட்டே எழுதவேண்டும், யாரிடம் கேட்டது என்று பக்கத்தில் குறிக்கவேண்டும். பிள்ளைகள் அள்ளிப் போட்டார்கள். துரை கட்டினாராம். தொப்பியைக் கழற்றினாராம். அழுதாராம். எனக்குப் பரம திருப்தி.

கொப்பிகள் மொழித் திருத்தத்துக்காக எங்கள் தமிழாசிரியரிடம் போயின. அவர் பண்டிதர், என் ஊர்ப் பக்கம்தான். திரும்பி வந்தபோது ஒரு 'ஆம்' உயிரோடு இல்லை. எல்லாம் சிவப்பு மையில் செத்துக் கிடந்தன. நான் கொப்பிகளோடு அவர் மேசைக்குப் போனேன். "ரீச்சர், ஒரு ஊரிலை ஒரு ராசா இருந்தாராம் எண்டு குழந்தைப்பிள்ளையளுக்குக் கதை சொல்லலாம். ஆராய்ச்சிக்கு அது ஆகுமோ?" என்றார். கேட்டதைக் கண்டதுபோல எழுதினால் மட்டும் ஆகுமோ என்று நான் கேட்டேன். "கேட்டதுக்கெல்லாம் ஆம் போட வெளிக்கிட்டால் புராணம் முழுக்கப் போடவேணுமே!" என்றார். போட்டால் என்ன என்று என் வாய் சொல்லிவிட்டது. அன்றைக்குப் பண்டிதர் தேநீர் குடிக்கவில்லை.

பள்ளிக்கூட அதிபர்தான் இடையில் வந்து தீர்ப்புச் சொன்னார். சரித்திரக் கொப்பிகளில் 'ஆம்' இருக்கட்டும், பரீட்சகர் அதற்காகப் புள்ளி வெட்டினால் பழியை டீச்சர் ஏற்கவேண்டும் என்றார். பழி என்று அவர் சுலபமாகச் சொல்லிவிட்டார். வெட்டுப்படப்போவது நான் அல்ல, அந்த வகுப்பு என்று எனக்குத் தெரியும். பண்டிதர் ஒரு கொப்பியை விரலால் தள்ளிவிட்டு, இலக்கணக்காரருக்கே வரும் ஒரு சிரிப்போடு சொன்னார்: "ஆமை புகுந்த வீடு உருப்படாது எண்டு சொல்லுவினம், ரீச்சர். ஆமை புகுந்த கொப்பி மட்டும் உருப்படுமோ?"

முதலாளியின் கார்

முதலாம்தர மூலாதாரம் கிடைத்துவிட்டால் துன்பம் தீர்ந்தது என்று நினைக்கிற இளம் ஆசிரியர்களுக்காக இது. கணேசன் ஒருநாள் மூச்சிரைக்க ஓடிவந்தான். பேக்கரி முதலாளி இளைஞராக இருந்தபோது எடுத்த போட்டோ கிடைத்துவிட்டது. கோட்டு, டை, முகம் நிறையப் பவுடர். ஒரு கை மோட்டார் காரின் கதவில். "அந்தக் காலத்திலேயே கார் வச்சிருந்திருக்காரு டீச்சர். இது யாரும் சொன்னதில்ல, நானே கண்ணால பாத்தது" என்று ஆம் போடாமலே ஒரு முழுப் பக்கம் எழுதியும் கொண்டுவந்திருந்தான்.

நான் போட்டோவைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். காருக்குச் சில்லு இரண்டுதான் இருந்தன. மற்றப் பக்கம் இருக்கவே இல்லை. மாத்தளையில் ஸ்டூடியோக்காரர்கள் பலகையில் கார் வரைந்து வைத்திருப்பார்கள். அதன் பின்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளாத மாப்பிள்ளை அந்தக் காலத்தில் குறைவு. பையனுக்கு இதை விளக்கியபோது அவன் முகம் விழுந்துவிட்டது. எழுதிய பக்கத்தை மடித்துப் பையில் வைத்தான். வாசல்வரை போனவன் திரும்பி வந்தான். கொப்பியை மூடுகிற பிள்ளைகளையே கண்டு பழகிய எனக்கு, அவன் திரும்பி வந்ததே பெரிய சந்தோஷம். "கார் பொய்யா இருக்கட்டும் டீச்சர். ஒரு கார் வாங்கணும்னு அவருக்கு ஆசை இருந்திச்சுங்கிறது உண்மைதானே?"

லு

செல்வராஜின் பாலத்துக்கு இன்னும் கண்ட ஆள் கிடைக்கவில்லை. தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் துரைதான், தொப்பிதான். "அந்தக் கரையிலை கேட்டனீரோ?" என்றேன். ஓடைக்கு அந்தப் பக்கம் சிங்களக் கிராமம். அவனுக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. ஆனாலும் ஆராய்ச்சி என்றால் தமிழில்தான் கேட்கவேண்டும் என்று நினைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை போய், வயலில் நின்ற ஒரு கமக்காரரைப் பிடித்தான். திங்கட்கிழமை முதல் மணி அடிக்குமுன்னே என்னிடம் வந்து நின்றான். கண்ணெல்லாம் பளபளத்தது.

"டீச்சர், நம்ம ஆமுக்குச் சிங்களத்துல லு. அந்த ஆளு பேச ஆரம்பிச்சதும் லு லு லுன்னே போகுது. மஹத்தயா ஹெதுவலு, துரை கட்டினாராம். அழுதாருங்கிறதுக்கும் லு. நானும் ஒண்ணு விடாம ஆம் போட்டுக்கிட்டே வந்தேன். திடீர்னு ஒரு எடத்துல லு வரல. அபி கல் கெனாவா. நாங்க கல்லு கொண்டாந்தோம். அவ்வளவுதான், லு இல்ல! உடனே நிப்பாட்டி, நாங்கன்னா யாருன்னு கேட்டேன்." நாங்கள் என்றால் கிராமத்து ஆட்கள் ஒரு வரிசை, தோட்டத்து ஆட்கள் ஒரு வரிசை. ஓடையிலிருந்து கைமாற்றிக் கைமாற்றிக் கல் ஏற்றியிருக்கிறார்கள். எதிர் வரிசையில் நின்ற தோட்டத்து ஆளின் பெயரையும் கமக்காரர் சொன்னாராம். பையன் நேரே தோட்டத்து லயக் குடியிருப்புக்குப் போய் அவரையும் பிடித்து, அவர் வாயாலும் கேட்டிருக்கிறான். சொந்தக் கையால் கல் சுமந்த இரண்டு பேரும் இத்தனை வருஷமாகத் துரை கட்டினார் என்றே சொல்லிவந்திருக்கிறார்கள்! செல்வராஜ் என் மேசையில் கையை ஊன்றிக்கொண்டு சொன்னான்: "தொரை கட்டுனதுக்குத்தான் டீச்சர் ஆம் இருக்கு. நாங்க கட்டுனதுக்கு ஆம் இல்ல."

வாப்பாவுக்கு ஓர் ஆம்

நஸீமா எடுத்த விஷயம் பலாபத்வலைச் சந்திக் கடைகள். சந்தியின் முதல் கடை தங்களுடையது என்று வாப்பா ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். கடைப் பலகையிலும் அப்படித்தான் எழுதியிருந்தது. ஆனால் எதிர்வீட்டுக்கு மணப்பெண்ணாக வந்த ஓர் அம்மா, தான் வந்தபோது அங்கே ஒரு தேநீர்க் கடை மட்டும் இருந்தது என்றும், மிளகுக் கடை திறந்த அன்று தனக்குக் கல்கண்டு கொடுத்தார்கள் என்றும் சொல்லிவிட்டார். கல்கண்டு தின்ற வாய் முதலாம்தர மூலாதாரம். வாப்பாவோ அன்றைக்குப் பிறக்கவே இல்லை. நஸீமா இரண்டு நாள் யோசித்துவிட்டு எழுதினாள்: 'முதல் கடை எங்களுடையதாம் என்று வாப்பா சொல்கிறார்.'

அவர் கொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டே வந்தார். பின்னால் நஸீமா. "என்ட வாப்பா திறந்த கடைக்கி என்ட புள்ளையே ஆம் போட்டிருக்கா. நான் ரெண்டாந்தரமா டீச்சர்? இந்தக் கொப்பி இங்க வராது, நஸீமாவும் வரமாட்டா" என்றார். ஒரு கொப்பி குறைந்தாலும் வகுப்பு போய்விடும். ஆனால் வகுப்பைக் காப்பாற்ற, அந்த 'ஆமை' எடுத்துவிடு பிள்ளை என்று சொல்ல என் நாக்கு எழவில்லை. பேசியது நஸீமாதான். "கோவிக்க வாணாம் வாப்பா. ஓதப்பள்ளில லெப்பையும் ஹதீஸ யாரு யாருக்குச் சொன்னதுண்டு சொல்லிட்டுத்தானே சொல்லித் தருவாங்க. மூத்தாப்பா சொன்னத நீங்க சொன்னீங்க. நீங்க பொய் சொன்னதா நான் எழுதல்ல. நீங்களே கண்டது எதுண்டு சொல்லுங்க, அதுக்கு ஆம் போடமாட்டேன்."

அவர் வாங்குப் பலகையில் உட்கார்ந்தார். பிறகு தனக்குத்தானே சொல்வதுபோலத் தொடங்கினார். சின்னப் பிள்ளையாகக் கடை வாசலில் இருந்தபோது நாவுலப் பக்கத்திலிருந்து மாட்டுக் கரத்தைகள் வரிசையாக வரும், மாடுகளின் மூச்சில் புகை பறக்கும், சாக்கை அவிழ்த்தால் சந்தி முழுக்கத் தும்மும். நஸீமா நின்றபடியே ஒரு தாளில் எழுதினாள். அவர் சொல்லச் சொல்ல எனக்கே மூக்கு அரித்தது. முடிந்ததும் கொப்பியை மகளிடம் கொடுத்துவிட்டு எழுந்தார்: "மொதக் கடையோ ரெண்டாங் கடையோ, அது இரிக்கட்டும். அந்தக் கரத்தைகளுக்கு மட்டும் ஆம் போட்டுறாத. அது என்ட கண்ணால கண்டது."

மேலிடத்து ஆம்

பரீட்சகர் வந்தார். எங்கள் யாழ்ப்பாணத்து மனிதர், கண்டிப்பானவர் என்று கேள்வி. அதிபரின் அறையில் ஆறு கொப்பிகளையும் அடுக்கி வைத்தோம். அதிபர், நான், பண்டிதர் மூவரும் சுவரோரமாக இருந்தோம். பிள்ளைகள் வெளியே விறாந்தையில். அவர் முதல் கொப்பியை விரித்தார். புரட்டினார். இரண்டாவதையும் புரட்டினார். கண்ணாடியைக் கழற்றினார். "என்ன ரீச்சர் இது? கட்டினாராம், வந்தாராம், திறந்தாராம். ஆராய்ச்சியோ, காகம் வடை தூக்கின கதையோ?" நான் எழுந்து விளக்கத் தொடங்கினேன். அவசரத்தில் நடுவிலிருந்து தொடங்கி முன்னுக்கும் பின்னுக்கும் ஓடினேன். அவர் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

"உங்களைக் குறை சொல்லேல்லை. கந்தோரிலை முதலே சொன்னவை. இந்தப் பக்கத்துப் பிள்ளையளுக்கு ஆராய்ச்சி எல்லாம் சரிவராதாம்." சொல்லிவிட்டுக் கொப்பிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி ஓரத்துக்குத் தள்ளினார். கதவிடுக்கில் நஸீமாவின் வெள்ளை முக்காடு தெரிந்தது. அவளுக்கும் கேட்டிருக்கும். எனக்கு ஆத்திரத்தில் அழுகை வந்தது. அப்போது பக்கத்தில் நாற்காலி நகரும் சத்தம். பண்டிதர் எழுந்து, சால்வையைச் சரிசெய்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எத்தனையோ 'ஆம்'களைக் கொன்ற மனிதர், மிகுந்த மரியாதையாகச் சொன்னார்: "ஐயா, இப்ப நீங்கள் சொன்ன வசனத்திலை கடைசியாய் ஒரு ஆம் வந்தது. அதை மட்டும் தயவுசெய்து அழிச்சுப்போடாதேயுங்கோ."

அறிக்கை

பரீட்சகர் பண்டிதரை நிமிர்ந்து பார்த்தார். கோபப்படப்போகிறார் என்று நினைத்தேன். அவர் தான் சொன்னதை உதடு அசையத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். "சரிவராதாம்..." பிறகு கண்ணாடியை மாட்டி, ஓரத்துக்குத் தள்ளிய கொப்பிகளைத் தன் பக்கம் இழுத்தார். பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிடச் சொன்னார். கணேசன் காருக்குப் பின்னால் இருந்த ஆசையைப்பற்றிச் சொன்னபோது சிரித்தார். செல்வராஜ் லு வராத இடத்தைச் சொன்னபோது சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டார். நஸீமாவிடம், "வாப்பாவுக்கே ஆம் போட்டிருக்கிறீர். அவருக்குக் கோபம் வரேல்லையோ?" என்று கேட்டார். அவள் நிலத்தைப் பார்த்தபடி, "வந்திச்சு சேர். நான் கண்டேன்" என்றாள்.

அவர் போகவேண்டிய பஸ் போய்விட்டது, அதற்கடுத்ததும் போய்விட்டது. ஆறு பிள்ளைகளோடும் பேசி முடித்த பிறகே எழுந்தார். பள்ளிக்கூடக் கேற்வரை கூடப் போனேன். கேட்கக்கூடாது என்று தெரியும். ஆனாலும் அடக்கமுடியவில்லை. கந்தோருக்கு என்ன எழுதப்போகிறீர்கள் என்று கேட்டேவிட்டேன். குடையை விரித்துக்கொண்டே எங்கள் ஊர்த் தமிழிலே சொன்னார்: "என்னத்தை எழுதுறது? இந்தப் பிள்ளையள் ஆராய்ச்சி செய்ததை நானே கண்டனான் எண்டுதான் எழுதவேணும்."

ஆறும் தேறின. வகுப்பை மூடவில்லை. அடுத்த வருஷம் தொடங்கிய அன்று நஸீமாவின் வாப்பா தன் லொறியின் முன்சீட்டில் இளைய மகளையும் தெருவிலிருந்து இன்னும் இரண்டு பெண்பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். பண்டிதர் மற்றக் கொப்பிகளில் 'ஆமை' வெட்டுவதை நிறுத்தவில்லை, சரித்திரக் கொப்பி வந்தால் மட்டும் பேனையை மூடிவிட்டு வாசிப்பார். ஊரிலே எல்லோரும் அந்த டீச்சர்தான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது என்று என்னைப் புகழ்ந்தார்கள், நானும் வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் சக துன்பாளிகளே, நமக்குள் இருக்கட்டும்: பிள்ளைகள் படித்துக்கொண்டார்கள் என்பது நான் கண்ணால் கண்டது, நான்தான் படிப்பித்தேனாம் என்பது கேள்விப்பட்டது.